திரும்பிப் பார்த்தால் கூப்பிட வேண்டும்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஆஸ்பத்திரி என்னை விட்டபாடில்லை. சின்ன கிளாம்ப் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது, கருவிகளை ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று யாராவது போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் எரிந்து விழுவேன். நாலு நாள் யாரும் கேட்காவிட்டால் அதற்கும் எரிச்சல் வரும்.

போன மாதம் ஜெனிஃபர் கூப்பிட்டாள். மார்பகப் பிரிவு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. நாசரேத் பக்கத்துப் பெண். கெட்டிக்காரி, நிதானமானவள், நோயாளிப் பெண்கள் எல்லாரையும் மேம் என்று கூப்பிடுகிறவள். அந்த மேம் ஒன்றுதான் எனக்கும் அவளுக்கும் ஒத்துவராது.

திரேஸ்புரத்திலிருந்து மீன் விற்கிற லூர்தம்மா என்று ஒருவர் வருகிறார், தெரியுமா என்று கேட்டாள். தெரியாமல் என்ன? பல வருஷம் முன்பு எங்களிடம் இடது மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர். வருஷா வருஷம் செக்கப்புக்கு வருகிறவர். போன வருஷம் செக்கப் முடிந்து கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாராம். என்ன வேண்டும் மேம் என்று இவள் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். இந்த வருஷம் வலது பக்கம் படத்தில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்திருக்கிறது. ஊசி போட்டு மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எழுந்து, அதே வாசலில் நின்று, அதே மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனவர் போனவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் போயிருக்கிறது. பதில் இல்லை.

"பயந்துட்டாங்கன்னு நெனைக்கேன் சிஸ்டர். கட்டாயப்படுத்தவும் கூடாதுல்லா?" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். "வாசல்ல நின்னாவள்லா, அப்ப கூப்பிட்டியாளா?"

"எதுக்கு சிஸ்டர்?"

அந்த எதுக்குக்குத்தான் இந்தக் கட்டுரை. போனில் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் குலசேகரன்பட்டினத்துக்காரி. பெயர் தங்கபுஷ்பம். அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்பா கடையில் சொன்ன விலைதான் விலை. குறைத்துக் கேட்டால், "அடுத்த கடையில பாருங்க அண்ணாச்சி" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிடுவார். பேரம் என்பது என் ரத்தத்திலேயே கிடையாது. பிறகு நர்சிங் படித்தேன், ஹாஸ்டல் சாம்பாரைத் தின்று உயிர் பிழைத்தேன், தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. காலையில் தியேட்டரில் கத்தரி எடுத்துக் கொடுக்கிறவளே மத்தியானம் ஓபியில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பாள்.

நான் சேர்ந்த காலத்தில் மார்பில் புற்றுநோய் என்றால் பேச்சுக்கே இடமில்லை. மார்பை முழுதாக எடு, அக்குளைச் சுத்தமாக வழி, வீட்டுக்கு அனுப்பு. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. புருஷன் கையெழுத்துப் போடுவார், அண்ணன் தலையாட்டுவார், மாமியார் அழுவார்.

அந்த நிலைமையில்தான் டாக்டர் சென்னியப்பன் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். ஒல்லியான மனிதர், சுத்த சைவம், வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் மூடத் தெரியாது. வந்த முதல் நாளே ஓபியில் ஒரு காரியம் செய்தார். தன்னுடைய சுழல் நாற்காலியில் நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு, நோயாளி உட்காருகிற முக்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா பதறிப்போய்ச் சுவரோரம் ஒண்டிவிட்டார். எனக்கும் இவர் என்ன கூத்துக் கட்டுகிறார் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் விளையாடவில்லை. உயரத்தில் உட்கார்ந்துகொண்டு மார்பைப் பற்றிப் பேசினால் ஒரு பெண்ணுக்குக் காதில் விழாது என்பது அவர் கட்சி.

அடுத்தது, கூட வந்த கூட்டத்தை டீ குடிக்க அனுப்புவார். "நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்க. நான் அம்மாகிட்டப் பேசோணும்" என்பார். போகாமல் நிற்கிற புருஷன்மாரைப் பார்த்து இன்னொரு தடவை அதையே, இன்னும் மரியாதையாகச் சொல்லுவார். அந்த மரியாதைக்கு முன்னால் எந்த மீசையும் நின்றதில்லை.

பிறகு பொறுமையாக வழிகளைச் சொல்லுவார். மார்பை முழுதாக எடுக்கலாம். கட்டி சின்னதாக இருந்தால் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்து, மார்பைக் காப்பாற்றலாம். ஆனால் காப்பாற்றினால் கதிர்வீச்சு கட்டாயம். அந்த மெஷின் எங்களிடம் இல்லை, வாரக்கணக்கில் வெளியூருக்குப் போய் வர வேண்டும். முழுதாக எடுத்தபின் முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ சதை கொண்டுவந்து புதிதாக ஒன்றைக் கட்டுகிறவர்களும் உண்டு, அதற்கு மதுரைக்குச் சீட்டு எழுதித் தருவோம். தகுந்த ஆளாக இருந்தால் முழுதாக எடுத்தாலும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் ஒன்றுதான். இதைச் சொன்னால் மட்டும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை நிறைந்தால்தான் நல்ல சாப்பாடு என்பது போல, பெரிய ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

எல்லாம் சொல்லி முடித்து, "யோசிச்சு வாங்கம்மா. முடிவு உங்களுதுங்க" என்று கை கூப்புவார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். நோயாளி எழுந்து போகும்போது கூப்பிடவும் மாட்டார். கூப்பிட்டால் அது நெருக்குவதாகிவிடுமாம். அந்த ஒரு விஷயத்தில் கல்லு மாதிரி இருந்தார்.

முழுதாக எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிறகு ஜாக்கெட் பிரச்சினை. ஒரு கணக்கு டீச்சர் பஞ்சை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். கனமில்லாத பஞ்சு, போர்டில் கை தூக்கி எழுத எழுத மேலே ஏறித் தோள்பட்டைக்கே வந்துவிட்டது. என்னிடம் வந்து அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். எங்கள் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு ஆம்பிளைகள் காளி வேஷமும் குறத்தி வேஷமும் கட்டுவார்கள். அந்த உடுப்புத் தைக்கிற டெய்லர் ஒருவர் எங்கள் அப்பா கடை வாடிக்கை. அவரிடம் போய் இந்த அளவில் ஒன்று தைத்துத் தாருங்கள் என்றேன். அவர் அளவை வாங்கிப் பார்த்துவிட்டு, "காளியா, குறத்தியா?" என்று கேட்டார். டீச்சர் என்றேன். டீச்சர் வேஷம் இதுவரை யாரும் கட்டினதில்லையே என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். காசு வாங்கவில்லை. கனத்துக்காகக் கேழ்வரகு போட்டு அருமையாகத் தைத்துக் கொடுத்தார். டீச்சர் அதை அப்படியே தண்ணீரில் முக்கித் துவைத்துப் போட்டதில் அது முளை விட்டது தனிக்கதை. அடுத்ததில் கேழ்வரகுக்குப் பதில் பாசிமணி போட்டோம். அந்த டெய்லர் கை பட்ட பாசிமணிப் பைகளோடு இன்றைக்கும் இந்த ஊரில் எத்தனையோ பேர் நிமிர்ந்து நடக்கிறார்கள். டாக்டரிடம் காட்டினபோது கையில் வாங்கி எடை பார்த்தார். "நானும் ஒரு வழி சொல்ல மறந்துட்டனுங்களே" என்றார். அன்றிலிருந்து அதையும் சேர்த்துச் சொன்னார்.

இனி லூர்தம்மா.

அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல உயரம், முழங்கை வரை மீன் செதிலும் தழும்பும். புருஷன் மிக்கேல் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர், அவரைப் பேச வைப்பது கஷ்டம். டீ குடிக்கப் போகச் சொன்னதும் முதல் ஆளாகப் போய்விட்டார். டாக்டர் சுழல் நாற்காலியைக் காட்டினார். மற்றவர்கள் கூசுகிற நாற்காலியில் லூர்தம்மா பட்டென்று உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகி, சரி சொல்லு என்பது போல டாக்டரைப் பார்த்தார்.

இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. டாக்டர் வழக்கம்போலப் பெரியதிலிருந்து ஆரம்பித்தார். முழுதாக எடுப்பது ஒன்று. இல்லாவிட்டால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. லூர்தம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எதுவானாலும் அக்குளையும் திறந்து அங்கே இருக்கிற நிணநீர் முடிச்சுகளை எடுக்க வேண்டும் என்றார். அவரைக்கொட்டை மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சுகள், நோய் அந்த வழியாகத்தான் முதலில் பரவும். அவற்றை மொத்தமாக எடுத்தால் சிலருக்குக் கை வீங்கும், அந்தக் கையில் முள் குத்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். அப்போதுதான் லூர்தம்மா தன் இடது கையைப் பார்த்தார்.

தலைக் கூடையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் காசு வாங்குகிறவர் அவர். கெளுத்தி முள் குத்தாத நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது.

"இதுக்குக் கொறஞ்சு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா" என்றார் டாக்டர். "யோசிச்சு வாங்க. ரொம்ப நாள் தள்ளாதீங்க."

லூர்தம்மா எழுந்தார். மெதுவாக நடந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். டாக்டர் கை கூப்பினார். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வராந்தாவில் இறங்கினார். அங்கே இன்னொரு தடவை நின்று பார்த்தார். பாவம், பயம் போலிருக்கிறது என்று நினைத்து நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வாரங்கள் போயின. அவர் ஓபிக்கு வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி பக்கம் வராமலும் இல்லை. கூடையோடு கேட் வழியாக வந்து, நர்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் மீன் கொடுத்துவிட்டு, ஓபி வாசலைக் கடந்து ஆமை நடை நடந்து போவார். டாக்டர் பார்த்தால் கை கூப்புவார், அவ்வளவுதான். எனக்குத்தான் அடித்துக்கொண்டது. கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். "அவங்களுக்குத் தெரியுங்க சிஸ்டர், வருவாங்க" என்றார். வளருகிற கட்டிக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. நல்ல மீன் வேண்டும் என்று நானே திரேஸ்புரத்துக்குப் போனேன். நான் மீன் வாங்குகிற லட்சணம் ஊரறிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன விலையைக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு ஒரு கூடையில் விளமீன் கண்ணாடி மாதிரி மின்னியது. நிமிர்ந்து பார்த்தால் கூடைக்குப் பின்னால் லூர்தம்மா. விலை சொன்னார். என் கையில் அவ்வளவு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினேன்.

"எக்கா, திரும்பி வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்புட்டு வேகமாப் போனா எப்பிடி? நின்னு பாக்கணும்லா."

திரும்பிப் போனேன். விலை குறைந்திருந்தது. எனக்கு அது ஆச்சரியம். நான் குறைத்துக் கேட்கவே இல்லையே என்றேன். லூர்தம்மா மீனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஆளு திரும்பிப் போனா நாங்க கூப்பிடுவோம். கூப்பிடலன்னா சரக்கு இல்லன்னு அர்த்தம். ஒங்க டாக்டரு நான் வாசல்ல நின்னு நின்னு பாத்தும் கூப்பிடலியே. எனக்குக் குடுக்க அவருகிட்ட ஒண்ணுமில்லன்னுல்லா நெனச்சிட்டேன்."

கையில் பையோடு அப்படியே நின்றேன். அத்தனை வாரமும் இந்த மனுஷி பயந்து ஒளியவில்லை. விலை பேசியிருக்கிறார். முதலில் சொன்னது முழு மார்பு, அடுத்துச் சொன்னது கட்டி மட்டும். இன்னும் இறங்குவார் என்று எழுந்து நடந்திருக்கிறார். டாக்டர் கை கூப்பினதைக் கடை கட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தன் சாவு முடிவாகிவிட்டது என்ற நினைப்போடு தினமும் வந்து மீன் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாசத்துக்குக் கண் கலங்குகிறாள் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "அவங்க கேட்டாங்களே சிஸ்டர், குறைஞ்சு ஒண்ணும் இல்லியான்னு. நான் இல்லைன்னுட்டனே" என்றார். பிறகு, எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லுகிற பேத்தாலஜி டாக்டரம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது, சாயந்திரம் திரேஸ்புரம் போகலாமா என்று கேட்டார்.

மீன் வாசத்துக்குத் தெரு மாறிப் போகிற மனிதர், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு மீன் தண்ணீருக்குள் நடந்துவந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூக்கைப் பொத்தக் கூடாது என்று மூச்சை அடக்கியதில் முகம் சிவந்துவிட்டது. லூர்தம்மாவின் கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, திரும்பி வாங்க" என்றார்.

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். லூர்தம்மா சிரிக்கவில்லை. "கொறச்சு எம்புட்டுக்கு முடிப்பிய?" என்றார்.

"மாரைப் பத்தி மறுபடி பார்த்துத்தானுங்க சொல்லோணும். ஆனா கையில குறைக்கறதுக்கு ஒரு வழி இருக்குது."

அந்த வழியை அவர் முன்பு வேலை பார்த்த ஊரில் பழகியிருந்தார். மார்பில் நீலச் சாயம் ஊசி போட்டால், நிணநீர் அதை முதலில் எந்த முடிச்சுக்குக் கொண்டுபோகிறதோ அது நீலமாகும். அதை மட்டும் எடுத்து, மயக்கம் தெளியும் முன்பே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதில் நோய் இல்லை என்றால் மற்ற முடிச்சுகளைத் தொட வேண்டாம், கைக்கு ஆபத்து மிகவும் குறைவு. உடனே பார்த்துச் சொல்ல எங்களிடம் ஏற்பாடு இல்லாததால் இதை அவர் இங்கே யாருக்கும் சொன்னதில்லை. இப்போது பேத்தாலஜி டாக்டரம்மா தியேட்டருக்கு அடுத்த அறையில் மைக்ராஸ்கோப்போடு உட்காரச் சம்மதித்திருந்தார்.

மறுநாள் லூர்தம்மா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தார். புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆகியிருந்தது. லூர்தம்மாவின் மார்பு சிறியது. இனி கட்டியை மட்டும் எடுத்தால் ஓரம் சுத்தமாகக் கிடைப்பதும் கஷ்டம், மிச்சம் நிற்பதும் கஷ்டம். மாதக்கணக்கில் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் முழுதாக எடுப்பதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப வெல ஏறிப்போச்சு" என்றார் லூர்தம்மா.

டாக்டர் தலை குனிந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். லூர்தம்மாதான் முதலில் தேறினார். மருந்து ஏற்றிக் காத்திருக்க முடியாது, இதை உடம்பில் வைத்துக்கொண்டு இனி உறக்கம் வராது, மார்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மயக்கத்தில் இருக்கும்போது முடிச்சில் நோய் தெரிந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும், சம்மதமா என்று டாக்டர் கேட்டார்.

"இருந்தா எடுங்க. இல்லாம எடுத்தியன்னா கேப்பேன்" என்றார்.

ஆபரேஷன் அன்றைக்கு டாக்டர் லூர்தம்மாவை உட்கார வைத்துத்தான் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் மார்பு சரிந்து கோடு பொய் சொல்லும். எந்தப் பக்கம் என்று தெரிந்தே கேட்டார், லூர்தம்மா இடது பக்கம் கை வைத்துக் காட்டினார். மயக்கம் கொடுத்தபின் காம்பைச் சுற்றி நீலச் சாயம் போட்டு, டாக்டர் உள்ளங்கையால் வட்ட வட்டமாகத் தேய்த்துவிட்டார். அவசரப்படவே இல்லை. பிறகு அக்குளில் சின்னதாகத் திறந்தார். மஞ்சள் கொழுப்பு. இன்னும் கொஞ்சம் விலக்கினார். அதுவும் மஞ்சள். நான் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தேன். அப்புறம் பால்பாயிண்ட் பேனாவால் கிழித்தது போல ஒரு மெல்லிய நீலக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு நீல முடிச்சைக் கண்டுபிடித்தார், அதை ஒட்டி இன்னொன்றையும். கிண்ணத்தில் வாங்கி நானே அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்.

பேத்தாலஜி டாக்டரம்மா முடிச்சைக் குறுக்கே வெட்டி, வெட்டின முகத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்தார். நான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன். வெளியே நிற்கச் சொன்னார், நிற்கவில்லை. தகட்டை முழுதாக மேய்ந்து முடித்தார். அடுத்ததையும் மேய்ந்தார். "க்ளீன். போங்க" என்றார். இத்தனை வருஷ சர்வீஸில் நான் ஆஸ்பத்திரிக்குள் ஓடியது அன்றைக்கு ஒரு நாள்தான். டாக்டர் அக்குளைத் தைத்து மூடினார். பிறகு மார்பை எடுத்தார். எடுத்த மார்பு எந்தத் திசையில் இருந்தது என்று பரிசோதிக்கிறவர்களுக்குத் தெரிவதற்காக மேல் பக்கம் குட்டை நூலும் வெளிப் பக்கம் நெட்டை நூலும் கட்டினோம். அதை நானே வாளியில் வைத்தேன். அதில் கொஞ்சம் எங்கள் மரியாதைக்குப் போன விலை என்று தோன்றியது.

நல்லவேளை, அன்று சாயங்காலமே லூர்தம்மா எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். நீலச் சாயம் போட்டால் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும். அதைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம். பாத்ரூமிலிருந்து வந்தவர், உள்ளே கடல் தண்ணியை வைத்துத் தைத்துவிட்டீர்களா என்று கேட்டார். வார்டே சிரித்தது. மிக்கேல் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு வந்த முழு ரிப்போர்ட்டும் முடிச்சுகள் சுத்தம் என்றுதான் சொல்லியது. வீட்டுக்குப் போகிற அன்று லூர்தம்மா எங்களிடம் சொல்லிக்கொண்டு, மெதுவாக நடந்து, ஓபி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். டாக்டர் வேறு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தவர், முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "அம்மா, வாங்க" என்று வராந்தா அதிரக் கூப்பிட்டார். அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு சத்தம் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். லூர்தம்மா இடது கையைத் தலைக்கு மேலே, கூடை இருக்கிற உயரத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டாக்டர் யாரையும் கை கூப்பி மட்டும் அனுப்பியதில்லை. வாசல்வரை போவார், ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வராதவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிட ஆள் அனுப்புவார். முடிவு உங்களுதுங்க என்பதையும் விடவில்லை. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் லூர்தம்மா செக்கப்புக்கு வந்தால் நான் கூப்பிட்டேன். நானும் வீட்டுக்கு வந்தபின் அந்த வாசலில் குரல் இல்லாமல் போயிருக்கிறது. சாவி, ஸ்டாக் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வரலாம். இதை எந்தக் கணக்கில் சேர்த்து ஒப்படைப்பது?

சுருக்கமாகச் சொன்னதை ஜெனிஃபர் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "டியூட்டி முடிஞ்சதும் வாரேன் சிஸ்டர், எங்கன போவணும்?" என்றாள்.

திரேஸ்புரத்தில் அதே இடத்தில் லூர்தம்மா உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது, கூடை அதே கூடை. எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு பாறை மீனைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவர் இப்படி இருந்தால் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். சரக்கு இல்லை என்று இன்னொரு தடவை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவது? நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

ஜெனிஃபர், "மேம்" என்று ஆரம்பித்தாள். ஏலம் கூவுகிற சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது. என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, மீன் தண்ணீரில் கால் வைத்து இறங்கி, அந்த டாக்டரைப் போலவே கூடைக்கு எதிரே குந்தினாள். டாக்டர் குந்தினதை நான் போனில் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"எக்கா, திரும்பி வாங்க" என்றாள். இந்தத் தடவை பக்கத்துக் கூடைக்காரிகளும் திரும்பினார்கள்.

லூர்தம்மா மீனை வைத்தார். "கொறயுமா?"

"இது வெறும் ஊசிதாங்க்கா. இதுக்குக் கீழ கொறைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. வலிச்சா என் கையப் பிடிச்சுக்கிடுங்க, நான் பக்கத்துலயே நிக்கேன்."

லூர்தம்மா அவள் முகத்தைப் பார்த்தார், மீன் வாங்க வந்தவரைப் பார்ப்பதுபோல நன்றாகப் பார்த்தார். பிறகு ஈரச் சாக்கை எடுத்துக் கூடையை மூடினார். நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஊசி போட்டுப் பார்த்ததில் அது நீர்க்கட்டிதான், வேறு ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் வந்த அன்று ஜெனிஃபர் மறுபடி எனக்குப் போன் போட்டாள். நல்ல சேதியைக் கேட்டுக்கொண்டு எழுந்த லூர்தம்மா, மெதுவாக நடந்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாராம். இவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, "எக்கா" என்று கூப்பிட்டாளாம்.

"ஒண்ணுமில்லளா, சும்மாதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.